ஆல்கலினிட்டி நிக்கவே மாட்டேங்குது: மூணடி ரீஃப் டேங்க்ல என்ன நடந்துச்சு, எப்படி சரியாச்சு

ரீஃப் டேங்க்னா பவளம் வளக்குற கடல்தண்ணித் தொட்டி, அந்தத் தண்ணியில கரைஞ்சிருக்குற கார்பனேட், பைகார்பனேட் எவ்ளோன்னு காட்டுறதுதான் ஆல்கலினிட்டி, அதை டிகேஎச்ங்கற அளவுல சொல்வோம். இப்ப தினம் ராத்திரி டெஸ்ட் பண்ணா ஆல்கலினிட்டி 8.0, 8.1, 8.0ன்னு வருது. கால்சியம் 420 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பக்கம், மெக்னீசியம் 1300. ரீஃப் டேங்க் வைக்காதவங்களுக்கு இது வெறும் நம்பர்தான், ஆனா வருஷ ஆரம்பத்துல இதே டேங்க்ல ஒரே ராத்திரியில 4 டிகேஎச் காணாம போயிருக்கு, அதனால மறக்குறதுக்குள்ள என்னென்ன பண்ணேன், எவ்ளோ கிராம் போட்டேன், எவ்ளோ செலவாச்சுன்னு எழுதி வச்சிடுறேன். தியரி படிக்கணும்னா நிறைய இடத்துல இருக்கு, நான் அந்தப் பக்கம் போகல.

முதல்ல செட்டப். சிங்கப்பூர்ல எச்டிபி வீடு (அரசாங்க அடுக்குமாடி), ஹால்ல டேங்க். 90 x 45 x 45 செமீ, கீழ கேபினெட்டுக்குள்ள சம்ப் (சாமானெல்லாம் வைக்கிற ரெண்டாவது தொட்டி), ஸ்கிம்மர் (காத்துக் குமிழ் அடிச்சு அழுக்கை நுரையா எடுக்குறது), தண்ணியைக் குளிர வைக்க 1/10 எச்பி சில்லர், 26 டிகிரில செட் பண்ணியிருக்கேன். இங்க சில்லர் இல்லாம விட்டா தண்ணி சாதாரணமா 29, 30ன்னு நிக்கும், ஹீட்டர்னு ஒரு சாமானே எங்கிட்ட கிடையாது. கல்லு, மணல் எல்லாம் போக, சம்ப்பும் சேத்து தண்ணி மட்டும் 180 லிட்டர். இந்த 180 அளவு டேப் வச்சு கணக்கு போட்டது இல்ல, முதல் தடவை நிரப்பும்போதே 20 லிட்டர் கேன் கேனா எண்ணி ஊத்தினது. புதுசா டேங்க் போடுறவங்க தயவு செஞ்சு இத பண்ணிடுங்க, பின்னாடி எந்த மருந்து, எந்த உப்பு போட்டாலும் இந்த நம்பர்தான் அடிப்படை, கண்ணாடி மேல எழுதியிருக்குற 180, 200 எல்லாம் உதவாது.

உள்ள இருக்குறது ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ராயல் கிராமா மீன், அப்புறம் பவளத்துல கொஞ்சம் சோவா, ஒரு ஹேமர், ஒரு மாண்டிப்போரா, ரெண்டு மூணு அக்ரோபோரா துண்டு. பவளம் எல்லாமே ஏற்கனவே டேங்க்ல வளத்து வெட்டிக் கொடுத்த துண்டுங்க. பெரிய கூட்டம் ஒண்ணும் கிடையாது, அதுதான் பின்னாடி எனக்கு சந்தேகத்தையே கிளப்புச்சு.

பிரச்சனை என்னன்னா ஆல்கலினிட்டி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. 8.5 இருக்கும், மறுநாள் பாத்தா 6.9. பேக்கிங் சோடா கரைச்சு ஊத்துவேன், ஏறும், மறுபடி இறங்கிடும். அக்ரோபோரா நுனி வெள்ளையா ஆக ஆரம்பிச்சது, ஹேமர் பாதிதான் விரிஞ்சது, மாண்டிப்போரா ஓரம் மட்டும் மங்கிப் போச்சு. கைவிரல் அளவு துண்டுங்க நாலஞ்சு சேந்து தினம் ஒரு டிகேஎச்சுக்கு மேல சாப்பிடுமா? சாப்பிடாது. ஆனா அப்ப எனக்கு அது தோணல, பவளம் வேகமா வளருது போலன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இன்னும் கொஞ்சம் சோடா போட்டேன்.

இதுக்கு நடுவுல காலையில பிஎச் 7.75 காட்டுச்சு. மீன் கடையில கேட்டா பிஎச் ஏத்துற பவுடர் ஒண்ணு எடுத்து நீட்டுனாங்க, 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). டப்பாவுல போட்டிருந்த அளவுதான் போட்டேன். சாயந்தரம் ஆல்கலினிட்டி 11.3, பிஎச் 8.3, எனக்கு ஒரே குஷி. படுக்கப் போற நேரத்துல லைட் அணைக்கலாம்னு போனா தண்ணி பால் கலந்த மாதிரி மங்கலா இருக்கு. காலையில தண்ணி தெளிஞ்சிருச்சு, ஆல்கலினிட்டி 7.2. கால்சியம் முந்தின நாள் 390 இருந்தது, இப்ப 360.

இந்த ரெண்டு இறக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சது. கால்சியம் கார்பனேட்டா மாறும்போது 2.8 டிகேஎச் குறைஞ்சா கூடவே 20 பிபிஎம் கால்சியமும் குறையணும். எனக்கு குறைஞ்சது 4.1, அதுக்கு கணக்குப்படி 29 பிபிஎம் கால்சியம் போகணும், போனது 30. கணக்கு அப்படியே நேரா உக்காருது. பவளம் ஒரே ராத்திரியில இவ்ளோ எடுக்காது. தண்ணியிலயே சுண்ணாம்பா உறைஞ்சு எங்கயோ போய் ஒட்டியிருக்கு.

எங்க ஒட்டியிருக்குன்னு தேட ரொம்ப தூரம் போகல. சம்ப்லேர்ந்து தண்ணியை மேல டேங்குக்கு ஏத்துற ரிட்டர்ன் பம்ப் கொஞ்ச நாளாவே கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்துச்சு, ஓட்டமும் குறைஞ்சிருந்துச்சு. கழட்டி முன் மூடியைத் திருப்பினா உள்ள இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சின்ன விசிறி) இருக்குற குழியில சுத்தி வெள்ளையா, சொரசொரன்னு ஒரு படலம், இட்லி பானை அடியில உப்புத்தண்ணி காஞ்சு காஞ்சு படியுமே அந்த மாதிரி. நகத்தால சுரண்டினா வரல. காந்தம் சுத்துற இடத்துல இடைவெளியே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுல பாதி அடைச்சிருந்துச்சு. இம்பெல்லரை இழுக்கும்போது உள்ள இருந்த செராமிக் தண்டு படக்குன்னு உடைஞ்சது, ஸ்பேர் 14 வெள்ளி. மொதல்லயே முழு பம்பையும் வினிகர்ல ஊறப் போட்டிருக்கணும், அப்புறம்தான் இழுக்கணும்.

வெள்ளை வினிகர் பாதி, குழாய் தண்ணி பாதி, ஒரு பக்கெட்ல பம்பைப் போட்டதும் சின்னச் சின்னக் குமிழா கிளம்புச்சு, சோடா பாட்டில் திறந்தா வர்ற சத்தம். அரை மணி நேரத்துல குமிழ் நின்னுடுச்சு, ஆனா படலம் பாதி இன்னும் இருந்துச்சு, ஏன்னா வினிகரோட சக்தி தீந்து போச்சு. புதுசா மாத்தி ஊத்தினப்புறம் மிச்சமும் போச்சு. சிட்ரிக் ஆசிட் இருந்தா இன்னும் மலிவு, லிட்டருக்கு 50 கிராம் போதும், வீடு முழுக்க வினிகர் வாசனையும் வராது. எங்க வீட்டம்மா ஊறுகாய் போடுறீங்களான்னு கேட்டாங்க.

அப்புறம் மணல். விரலை விட்டா சில இடத்துல மட்டும் கெட்டியா, பிஸ்கட் மாதிரி துண்டு துண்டா வந்துச்சு. எல்லாமே ரிட்டர்ன் தண்ணி வந்து விழுற பக்கம்.

சரி, ஏன் உறையுது? ஆல்கலினிட்டி 8, 9 எல்லாம் ஒண்ணும் அதிகம் இல்லையே. மெக்னீசியம் பாத்தேன், 1110. கடல் தண்ணியில 1280, 1300 இருக்கணும். மெக்னீசியம் போதுமான அளவு இருந்தா அது உறையுற சுண்ணாம்புத் துகள் மேல போய் உக்காந்து அது மேல மேல வளரவிடாம தடுக்கும், குறைஞ்சா அந்தத் தடை போயிடும். உடனே மெக்னீசியம் பவுடர் வாங்கக் கிளம்பினேன், ஆனா அந்த 18 வெள்ளி ஞாபகம் வந்துச்சு, இந்த தடவை மொதல்ல டெஸ்ட் கிட்டையே செக் பண்ணிடுவோம்னு நிறுத்தினேன்.

ஆல்கலினிட்டி கிட்டை செக் பண்றது ரொம்ப சுலபம், யாரும் இத சொல்றதே இல்ல. பேக்கிங் சோடா 3 கிராம் எடுத்து ஒரு லிட்டர் ஆர்ஓ டிஐ தண்ணியில (ஃபில்டர்ல வடிகட்டி உப்பெல்லாம் எடுத்த சுத்தத் தண்ணி) கரைங்க. அதுலேர்ந்து 100 மில்லி எடுத்து இன்னொரு பாத்திரத்துல ஊத்தி, மொத்தம் ஒரு லிட்டர் வர்ற வரைக்கும் அதே தண்ணி சேருங்க. இந்த ரெண்டாவது தண்ணி 10 டிகேஎச். என் கிட் 9.9 காட்டுச்சு. சரி, கிட் மேல தப்பில்ல.

மெக்னீசியத்துக்கு இப்படி சுலபமான வழி இல்ல. அதனால பக்கெட்ல புதுசா உப்புத்தண்ணி கலக்கி, டேங்க் பக்கமே போகாத தண்ணியை டெஸ்ட் பண்ணேன். உப்பு டப்பாவுல 35 பிபிடில (ஆயிரத்துல 35 பங்கு உப்பு) கால்சியம் 420, மெக்னீசியம் 1300ன்னு போட்டிருக்கு. தண்ணியில உப்பு எவ்ளோன்னு ஒளியை வச்சு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல சரியா 35 வச்சு கலக்கினேன். டெஸ்ட்ல வந்தது கால்சியம் 385, மெக்னீசியம் 1190. ஒண்ணு மட்டும் குறைஞ்சிருந்தா உப்பு மட்டம்னு சொல்லிடலாம், ரெண்டுமே ஒரே அளவுல, கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு கொஞ்சம் கம்மியா குறைஞ்சிருக்கு. ரெண்டு வேற கிட், ரெண்டும் ஒரே சதவீதம் தப்பு காட்டுமா? அப்ப உப்பே கம்மியா இருக்கு, 35ன்னு நான் நம்புற தண்ணி 35 இல்ல.

ரிஃப்ராக்டோமீட்டர் நான் வாங்கினதுலேர்ந்து ஆர்ஓ தண்ணி ரெண்டு சொட்டு விட்டு பூஜ்ஜியத்துக்கு திருகி வச்சுதான் பயன்படுத்துறேன், பெட்டியில வந்த பேப்பர்லயும் அப்படித்தான் போட்டிருக்கு. அது பூஜ்ஜியத்துல சரியா இருக்கும், 35ல சரியா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அதுக்கு மேல இந்த விலை குறைஞ்ச கருவி நிறையது கடல் தண்ணிக்கு செஞ்சதே கிடையாது, வெறும் சாப்பாட்டு உப்புக் கரைசலுக்கு கோடு போட்டது, அதுலயே ஒண்ணு ஒண்ணரை வித்தியாசம் வந்துடும்.

35க்கு ஒரு அளவுத் தண்ணி வீட்டுலயே செய்யலாம். அயோடின் இல்லாத, வேற ஒண்ணும் கலக்காத சுத்தமான மேசை உப்பு 36.5 கிராம், ஆர்ஓ டிஐ தண்ணி 963.5 கிராம். தண்ணியையும் தராசுலதான் அளக்கணும், கப்புல இல்ல. இந்தக் கரைசல் ஒளியை வளைக்குற அளவு 35 பிபிடி கடல் தண்ணிக்கு சமம். ரெண்டு சொட்டு விட்டு, தண்ணி கண்ணாடி சூட்டுக்கு வரட்டும்னு கொஞ்ச நேரம் விட்டுப் பாத்தா, நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவுல உள்ள கோடு 38ல நிக்குது. நம்பிக்கை வராம 9 வெள்ளி கொடுத்து ரெடிமேட் 35 கரைசல் ஒரு பாட்டில் வாங்கினேன், அதுலயும் 38தான். அப்ப நான் 35ன்னு பாத்ததெல்லாம் நிஜத்துல 32. திருகை அந்த 35 கரைசல் வச்சு 35க்கு மாத்தினேன். இனிமே பூஜ்ஜியத்துல ஆர்ஓ தண்ணி என்ன காட்டினாலும் எனக்குக் கவலை இல்ல, நான் அளக்கப் போறது 35 பக்கத்துலதான்.

இங்கதான் எல்லாம் ஒரே நூல்ல கோத்துக்கிச்சு. உப்பு 32ல இருந்தா மெக்னீசியம், கால்சியம் எல்லாமே தானா பத்து சதவீதம் பக்கம் கம்மி. நான் ஆல்கலினிட்டியை மட்டும் தனியா பிடிச்சு மேல ஏத்துறேன், தடுக்க மெக்னீசியம் இல்ல, அது உறையுது, உறைஞ்சதும் மூணும் இறங்குது, மறுபடி நான் ஆல்கலினிட்டியை ஏத்துறேன். பவளம் இதுல சம்பந்தமே படல.

உப்பை ஏத்தினது மெதுவா. 180 லிட்டருக்கு 3 பிபிடின்னா 540 கிராம் உப்பு வேணும். அதை ஒரேயடியா கொட்ட முடியாது. ஏடிஓவை (ஆவியாகிற தண்ணிக்கு ஈடா தானா நல்ல தண்ணி ஊத்துற பம்ப்) நிறுத்திட்டு, தினம் ஆவியாகிற இரண்டரை லிட்டருக்கு பதிலா நல்ல தண்ணி ஊத்தாம 35 பிபிடி உப்புத்தண்ணியே ஊத்தினேன். ஒரு நாளைக்கு 87 கிராம் உப்பு உள்ள போகும், அரை பிபிடிக்கு கொஞ்சம் கம்மியா ஏறும், ஒரு வாரத்துல வேலை முடிஞ்சது. மீனுக்கும் தெரியல, சோவா மூடக்கூட இல்ல.

35 வந்தப்புறம் எடுத்த டெஸ்ட்: மெக்னீசியம் 1220, கால்சியம் 400, ஆல்கலினிட்டி 7.4. ஒரு கிராம் தனி மருந்துகூட வாங்காம இவ்ளோ ஏறிடுச்சு. அன்னிக்கே மெக்னீசியம் பவுடர் வாங்கிக் கொட்டியிருந்தா நம்பர் 1300 காட்டியிருக்கும், டேங்க் அப்பவும் 32லயே கிடந்திருக்கும்.

மிச்சம் 80 பிபிஎம்முக்கு மெக்னீசியம் குளோரைடு. ஆறு தண்ணி மூலக்கூறோட வர்ற செதில் மாதிரி இருக்குற ரகம், அதுல 8.4 கிராம் போட்டா 1 கிராம் மெக்னீசியம். 180 லிட்டருக்கு 80 பிபிஎம்னா 14.4 கிராம், அப்ப 120 கிராம் செதில். மூணு பங்கா பிரிச்சு நாள் விட்டு நாள் போட்டேன். இந்த ஊர் ஈரத்துல இத பாக்கெட்லயே மடிச்சு வச்சீங்கன்னா ரெண்டு நாள்ல கூழ் ஆயிடும், நல்ல இறுக்கமான டப்பா வேணும், உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பை. கால்சியம் குளோரைடும் அதே கதைதான், அத கரைக்கும்போது பாட்டில் சூடாகும், ஈரப்பதம் முழுசா நீக்கின ரகத்துல நல்லாவே சூடாகும், அதனால தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, பவுடர் மேல தண்ணி ஊத்தாதீங்க.

0.1 கிராம் காட்டுற தராசு 16 வெள்ளிக்கு வாங்கினேன். அதுல நான் செதில் அளந்துக்கிட்டு இருக்கறதப் பாத்துட்டு வீட்டம்மா, “என்னங்க, ஒரு நாளாவது இவ்ளோ கணக்கா எனக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்திருக்கீங்களா?”ன்னு கேட்டாங்க. போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை 6.0 கிராம்.

அடுத்து நிஜமான தினசரி செலவு எவ்ளோன்னு தெரியணும். ஒண்ணும் போடாம விட்டு ஒரே நேரத்துல அளந்தேன், ஒரு நாளைக்கு 0.4தான் குறைஞ்சது. இதுதான் பவளம் நிஜமா எடுத்தது. பின்னாடி நல்லா விரிஞ்சு வளர ஆரம்பிச்சதும் இது 0.8 ஆச்சு, அப்ப கையால ஊத்துறது கட்டுப்படியாகாதுன்னு கரைசலைத் தானா அளந்து ஊத்துற ரெண்டு தலை டோசிங் பம்ப் வாங்கினேன், 110 வெள்ளி, மொத்த செலவுல பாதி இதுதான்.

கரைசல் ரெண்டும் நானே கலக்கினது. பேக்கிங் சோடாவை அப்படியே போட்டா பிஎச்சை லேசா கீழ இழுக்கும், எனக்கு ஏற்கனவே பிஎச் கம்மி, அதனால அவன் அடுப்புல வச்சு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) ஆக்கிட்டேன். தட்டுல மெல்லிசா பரப்பி 180 டிகிரில ஒரு மணி நேரம். முழுசா மாறுச்சான்னு எப்படித் தெரியும்னா எடை பாக்கணும், 100 கிராம் வச்சா 63 கிராம்தான் திரும்ப வரும். எனக்கு முதல்ல 71 வந்துச்சு, கிளறி விட்டு மறுபடி வச்சதும் 63க்கு இறங்குச்சு. சூப்பர் மார்க்கெட்ல வாங்குறப்ப பேக்கிங் பவுடர் எடுத்துடாதீங்க, அதுல மாவும் அமிலமும் கலந்திருக்கும், சோடா மட்டும் இருக்குறதா பாத்து எடுங்க.

என் 180 லிட்டருக்கு கணக்கு இப்படி வச்சுக்கிட்டேன்: சோடா ஆஷ் 68 கிராம் ஒரு லிட்டர்ல, அதுல 50 மில்லி போனா ஆல்கலினிட்டி 1 ஏறும். கால்சியம் குளோரைடு, ரெண்டு தண்ணி மூலக்கூறு உள்ள ரகம், 94 கிராம் ஒரு லிட்டர்ல, 50 மில்லி போனா கால்சியம் 7 பிபிஎம் ஏறும். ரெண்டும் எப்பவும் சம மில்லி. அப்ப 0.8க்கு தினம் 40 மில்லி, பத்து தடவையா 4 மில்லி. பம்பை நம்பாதீங்க, 4 மில்லின்னு சொன்னா சிரிஞ்சுல பிடிச்சுப் பாக்கும்போது 3.4 வந்துச்சு எனக்கு, 100 மில்லி அளவு ஜாடியில விட்டுத் திருத்தி வச்சேன். உள்ள இருக்குற ரப்பர் குழாய் நாளாக ஆக தளரும், அதனால மாசம் ஒரு தடவை மறுபடி பிடிச்சுப் பாக்கணும்.

முதல்ல ரெண்டு குழாயையும் அழகா இருக்கட்டும்னு ஒரே கிளிப்ல பக்கத்துல பக்கத்துல மாட்டினேன். ரெண்டு மூணு நாள்ல குழாய் நுனியில வெள்ளைத் தாடி முளைச்சிடுச்சு. ரெண்டும் கலக்குறதுக்கு முன்னாடியே சந்திச்சா அங்கயே உறையும். இப்ப கால்சியம் ஸ்கிம்மர் இருக்குற அறையில, சோடா ஆஷ் ரிட்டர்ன் பம்புக்கு பக்கத்து அறையில நல்ல ஓட்டத்துல. நேரமும் ஒரு மணி தள்ளி வச்சிருக்கேன்.

மிச்சம் இருந்தது பிஎச். காலையில 7.75, சாயந்தரம் 8.0. ஆல்கலினிட்டி சரியாகியும் இது அசையல. இதுக்கு ஒரு காசு செலவில்லாத டெஸ்ட் இருக்கு: டேங்க் தண்ணி ஒரு கிளாஸ் எடுத்து ஏர் ஸ்டோன் போட்டு ஹால்லயே ஒரு மணி நேரம் விடுங்க, இன்னொரு கிளாஸை வாசல் காரிடார்ல வச்சு அதே மாதிரி விடுங்க. ஹால்ல வச்சது 7.8லயே நின்னுச்சு, காரிடார்ல வச்சது 8.1க்கு ஏறுச்சு. பிரச்சனை தண்ணியில இல்ல, வீட்டுக் காத்துல. ராத்திரி எல்லா ஜன்னலையும் சாத்தி ஏசி போட்டுத் தூங்குறோம், நண்பர்கிட்ட வாங்கின கார்பன் டை ஆக்சைடு மீட்டர் விடியக்காலையில 1400 காட்டுச்சு, வெளிய 420. அந்தக் காத்தைத்தான் ஸ்கிம்மர் ராத்திரி பூரா தண்ணிக்குள்ள அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

ஸ்கிம்மரோட காத்துக் குழாயை ஜன்னல் ஓரமா வெளிய விட்டேன், 4 வெள்ளி சிலிக்கான் குழாய். ரொம்ப நீளமா, ரொம்ப சன்னமா போட்டா ஸ்கிம்மர் காத்து இழுக்கத் திணறும், அதனால ஒரு சைஸ் பெருசா வாங்குங்க. ஹேஸ் (காட்டுத்தீ புகைமூட்டம்) நாள்லயும் கொசு மருந்து புகை அடிக்கிற அன்னிக்கும் குழாயை உள்ள இழுத்துடுவேன். இதுலயே காலை பிஎச் 7.9 ஆச்சு.

அதுக்கு மேல ஏத்தினது சுண்ணாம்புத் தண்ணி. கால்சியம் ஹைட்ராக்சைடு, 14 வெள்ளிக்கு ஒரு டப்பா, சாப்பாட்டுத் தரத்துல ஊறுகாய்க்குப் போடுற ரகம். இதையே தேக்காவுல (லிட்டில் இந்தியா பக்கம்) வெத்தலைக் கடையில வாங்கலாமேன்னு ஒருத்தர் கேட்டார், வேண்டாம், அதுல வேற என்ன கலந்திருக்குன்னு பாக்கெட்ல போட்டிருக்க மாட்டாங்க. லிட்டருக்கு ஒண்ணரை கிராமுக்கு மேல எப்படியும் கரையாது. எனக்குத் தேவையான 0.8 முழுக்க இதுலயே வேணும்னா ஆவியாகிற இரண்டரை லிட்டர்ல லிட்டருக்கு முக்கால் கிராம் போதும். நான் பாதிதான் போடுறேன், லிட்டருக்கு 0.4 கிராம், மிச்சத்துக்கு டோசிங் பம்பை ஒவ்வொரு கரைசலுக்கும் தினம் 20 மில்லின்னு குறைச்சுட்டேன்.

ஏன் பாதின்னா இந்தத் தண்ணியை ஊத்துறது ஏடிஓ, அது மேல எனக்கு நம்பிக்கை கிடையாது. மிதவை மாட்டிக்கிட்டு பம்ப் நிக்காம ஓடினா என்ன ஆகும்னு மொதல்லயே கணக்கு போட்டேன். 25 லிட்டர் கேன்ல முக்கால் கிராம் வீதம் இருந்தா ஒரே நேரத்துல 8 டிகேஎச் ஏறும், பிஎச் எங்க போகும்னே சொல்ல முடியாது. 10 லிட்டர் கேன்ல 0.4 வீதம்னா மொத்தமா கொட்டினாலும் 1.7தான். கேனை மாத்தினேன், நாலு நாளைக்கு ஒரு தடவை நிரப்புற வேலை கூடுச்சு, பரவால்ல. மூடி போட்டு வைக்கணும், இல்லைன்னா காத்துல உள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்து மேல கண்ணாடி மாதிரி ஒரு ஏடு கட்டும், அந்த அளவுக்கு சக்தி போச்சுன்னு அர்த்தம். பிஎச் 12க்கு மேல இருக்குற தண்ணி, கையுறையும் கண்ணாடியும் இல்லாம தொடாதீங்க, வீட்டுல சின்னப் பசங்க இருந்தா கேனை கேபினெட்டுக்குள்ள பூட்டி வைங்க. இப்ப பிஎச் காலையில 8.05, சாயந்தரம் 8.3.

ஊட்டச்சத்து பத்தி ஒரு வரி. அந்த மோசமான சமயத்துல நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02, பாசி வரக்கூடாதுன்னு பாஸ்பேட் எடுக்குற இரும்புக் குருணை வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு. பட்டினியா இருக்குற அக்ரோபோராவுக்கு ஆல்கலினிட்டி 11 காட்டினா நுனி கருகத்தான் செய்யும். குருணையை எடுத்துட்டேன், மீனுக்கு கொஞ்சம் தாராளமா சாப்பாடு, இப்ப 8, 0.06. கண்ணாடி துடைக்கிற வேலை கொஞ்சம் கூடியிருக்கு.

தண்ணியில எனக்கு பிரச்சனை வரல, இந்த ஊர் குழாய்த் தண்ணி உப்பு கம்மியான தண்ணிதான், ஆனா கிருமி கொல்ல குளோரமின் போடுறாங்க, சும்மா ராத்திரி பூரா வச்சா போகாது. ஆர்ஓ டிஐல கார்பன் ஃபில்டரை காலத்துல மாத்துறேன், டிஐ ரெசின் நிறம் மாற ஆரம்பிச்சாலே மாத்துறேன், டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற மொத்தப் பொருள்) பூஜ்ஜியம் காட்டணும்.

செலவு மொத்தம் பாத்தா: பம்ப் 110, பிஎச் பவுடர் 18, தராசு 16, கால்சியம் குளோரைடு 15, செராமிக் தண்டு 14, சுண்ணாம்பு 14, மெக்னீசியம் 12, அளவுக் கரைசல் 9, பேக்கிங் சோடா 6, குழாய் 4, வினிகர் 3. 221 வெள்ளி. இதுல பிரச்சனையை நிஜமா கண்டுபிடிச்சது அந்த 16 வெள்ளி தராசும் சமையலறை உப்பும்தான், பம்ப் எல்லாம் சௌகரியத்துக்கு.

மறுபடி செய்யறதா இருந்தா ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குற அன்னிக்கே 35 கரைசலும் சேத்து வாங்குவேன், புது உப்பு மூட்டை திறக்கும்போதெல்லாம் ஒரு பக்கெட் கலக்கி மூணும் டெஸ்ட் பண்ணி மூடியிலயே எழுதி ஒட்டுவேன். டெஸ்ட் எப்பவும் ஒரே நேரத்துல, நான் ராத்திரி எட்டு மணிக்கு. மூணுல எது குறைஞ்சாலும் மருந்து டப்பாவைத் தொடுறதுக்கு முன்னாடி உப்பு. ஆல்கலினிட்டி ஒரு நாளைக்கு 0.5க்கு மேல ஏத்த மாட்டேன், 10, 11 வச்சா வேகமா வளரும்னு சொல்றவங்க சொல்லட்டும், எனக்கு 8 போதும்.

இன்னும் முடியாத வேலை மணல்தான். கெட்டியான இடத்தை ஒரேயடியா உடைச்சா அடியில அடைஞ்சு கிடக்குற அழுக்கு எல்லாம் மேல வரும், அதனால தண்ணி மாத்துற அன்னிக்கு மட்டும் ஒரு கை அகலத்துக்கு பேத்து எடுத்து சைஃபன்ல இழுத்துட்டு, அந்த இடத்துல கழுவின புது மணல் ஒரு கப் போடுறேன். முன்பக்கம் முடிஞ்சது, கல்லுக்குப் பின்னாடி பாதி பாக்கி. நுனி கருகின அக்ரோபோராவுல ஒண்ண காப்பாத்த முடியல, இன்னொண்ண உயிரோட இருந்த பகுதி வரைக்கும் கட்டர் வச்சு வெட்டி வேற பிளக்ல (பவளம் ஒட்டுற சின்ன அடிக்கட்டை) ஒட்டினேன், அடியில பசை மேல ஊதா நிறத்துல படர ஆரம்பிச்சிருக்கு.